எந்தப் பிராசசருக்கு எந்த நகல்?

திரையில் "தமிழ்" என்று தெரியும் சொல் கணினியின் நினைவகத்தில் 15 பைட். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடில் ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். சி மொழியில் எழுதிய நிரலென்றால், சரம் இங்கே முடிகிறது என்று காட்ட இறுதியில் ஒரு பூஜ்ய பைட்டும் சேரும். ஆக 16. இந்தப் பதினாறையும் நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்த ஒரு வேலையைப் பற்றியது.

சின்ன வேலைதான். ஆனால் கணினி ஓயாமல் செய்யும் வேலை இது. கூகுளின் தரவு மையங்களில் பிராசசர்களின் நேரம் எங்கே போகிறது என்று ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. எல்லாச் சேவைகளையும் சேர்த்துப் பார்த்தால், மொத்த நேரத்தில் 4 முதல் 5 சதவீதம் பைட்டுகளை இடம் மாற்றுவதிலேயே கழிகிறது என்றது அது. அப்படிப்பட்ட மையங்களில் இந்த ஒரு வேலை பத்தில் ஒரு பங்கு வேகமானாலும் மிச்சமாகும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல.

நேர்வழியில் எழுதினால் இப்படி இருக்கும்: ஒரு பைட்டைப் படி, எழுது, அது பூஜ்யமா என்று பார், இல்லையென்றால் அடுத்ததற்குப் போ. நம் சொல்லுக்கு இது பதினாறு சுற்று. 64 பிட் பிராசசர் ஒரே மூச்சில் எட்டு பைட் படிக்கக்கூடியது. ஆனால் எட்டையும் சேர்த்துப் படித்தால், அவற்றுள் எங்காவது பூஜ்யம் ஒளிந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இதற்கு 1987இல் ஆலன் மைக்ராஃப்ட் என்ற கணினி அறிவியலாளர் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பைட்டிலிருந்தும் ஒன்றைக் கழியுங்கள். பூஜ்யத்திலிருந்து கழிக்கும்போது அந்த பைட்டின் உச்ச பிட் 1 ஆகிவிடும். முதலிலேயே உச்ச பிட் 1 ஆக இருந்தவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மிஞ்சுவது பூஜ்யம் இருந்ததன் தடயம். ஒரு கழித்தல், இரண்டு மூன்று தருக்கச் செயல்கள். எட்டு பைட்டுக்கும் ஒரே சோதனை. இவ்வளவு குறைந்த பொருளில் இவ்வளவு அழகான கணக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு, பிராசசர் தான் கையாளும் தரவைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் இடங்களான பதிவகங்கள் அகலமாயின. இன்டெலின் எஸ்எஸ்இ2 ஆணைத்தொகுதியில் ஒரு பதிவகம் 16 பைட் கொள்ளும். "தமிழ்" பூஜ்யத்தோடு சேர்ந்து அதில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். அடுத்து மூன்றே ஆணைகள். பதினாறு பைட்டையும் ஒரே நேரத்தில் பூஜ்யத்தோடு ஒப்பிடுவது ஒன்று. பதினாறு விடைகளையும் பதினாறு பிட்டாகச் சுருக்குவது இன்னொன்று. அந்தப் பிட்டுகளில் 1 முதலில் எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பது மூன்றாவது. நம் சொல்லுக்கு விடை 15. நீளமும் தெரிந்துவிட்டது, நகலும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2013இல் ஹாஸ்வெல் பிராசசரோடு வந்த ஏவிஎக்ஸ்2 இதையே 32 பைட்டுக்குச் செய்தது. ஏவிஎக்ஸ்-512 அதையும் இரட்டிப்பாக்கியது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. சரம் எங்கே முடிகிறது என்று தெரியாமலே 32 பைட்டைப் படிக்கிறோம்; அது மூன்றாவது பைட்டிலேயே முடிந்திருக்கலாம். அதற்கப்பால் படிப்பது அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுதான். இயங்குதளம் நினைவகத்தை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அடுத்த பக்கம் நம் நிரலுக்கு உரியதாக இல்லாவிட்டால், தொட்ட கணமே நிரல் செத்துவிடும். ஆனால் அதே பக்கத்துக்குள் எவ்வளவு தாண்டிப் படித்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே இந்தச் செயற்கூறுகளை எழுதுபவர்கள் முதலில் முகவரியைப் பார்ப்பார்கள். பக்கத்தின் விளிம்புக்கு அருகில் இல்லை என்றால் தயங்காமல் படிப்பார்கள். விளிம்பில் இருந்தால் தனிப்பாதை. பதிவகத்தின் அகலம் கூடக்கூட இந்த விளிம்பும் அகலமாகும்.

ஆக ஒரே வேலைக்குப் பல வடிவங்கள் உண்டு. எதை நிரலில் வைப்பது? ஏவிஎக்ஸ்2 வடிவத்தை வைத்தால் 2010இல் வாங்கிய கணினியில் "சட்டவிரோத ஆணை" என்று நிரல் நின்றுவிடும். பைட் பைட்டாக நகலெடுக்கும் வடிவத்தை வைத்தால் புதிய கணினியின் வலிமை வீண். தன் கணினிக்கென்றே மென்பொருளைக் கம்பைல் செய்துகொள்வோர் உண்டு. ஆனால் பெரும்பாலோர் டெபியன், உபுண்டு போன்றவை வெளியிடும் ஆயத்தக் கோப்புகளையே நிறுவுகிறார்கள். அவை 2003இல் ஏஎம்டி ஆப்டெரானோடு வந்த 64 பிட் அடிப்படைத் தரத்தை நம்பியே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தன. அந்தத் தரத்தில் எஸ்எஸ்இ2 உறுதி. அதற்குமேல் எதுவும் உறுதியில்லை.

அதனால்தான் தேர்வை ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. நிரல் தொடங்கியதும், தான் எந்தப் பிராசசரில் ஓடுகிறது என்று அந்தப் பிராசசரிடமே கேட்கிறது.

ஒரு காலத்தில் கேட்பதற்கு வழியே இருக்கவில்லை. 386, 486 நாட்களில் நிரல்கள் துப்பறிய வேண்டியிருந்தது. கொடிப் பதிவகத்தின் 18ஆம் பிட்டை மாற்றிப் பார்ப்பார்கள். மாற மறுத்தால் 386, மாறினால் 486. அதே பதிவகத்தின் 21ஆம் பிட்டும் மாறினால், சிபியுஐடி என்ற ஆணை இருக்கிறது என்று பொருள். 1993இல் பென்டியத்தோடு பரவலான அந்த ஆணை, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னது: தயாரிப்பாளர் பெயர் 12 எழுத்தில், குடும்ப எண், மாதிரி எண், எந்தெந்த ஆணைத்தொகுதிகள் உண்டு என்ற பிட்டுகளின் பட்டியல்.

ஏவிஎக்ஸ் வந்தபோது அந்தப் பதிலும் போதாமல் போனது. பதிவகம் 16 பைட்டிலிருந்து 32 ஆக வளர்ந்துவிட்டது. ஒரு நிரலை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடும்போது, முன்னதன் பதிவகங்களைப் பத்திரப்படுத்துவது இயங்குதளத்தின் வேலை. பழைய இயங்குதளத்துக்கு மேற்பாதி இருப்பதே தெரியாது, அதைச் சேமிக்காது. அப்படி விட்டால் நம் சரத்தின் பாதி அடுத்த நிரலால் அழிந்துபோகும் என்பதால், இயங்குதளம் இசைவு தராதவரை ஏவிஎக்ஸ் ஆணைகளைப் பிராசசரே மறுத்துவிடும். அதனால் இரண்டு கேள்விகள்: பிராசசரே, உன்னிடம் இது இருக்கிறதா? இயங்குதளமே, இதைக் காப்பாற்ற உனக்குத் தெரியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அந்த வடிவத்தைத் தொடலாம்.

ஒவ்வொரு நகலுக்கும் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சிபியுஐடி மெதுவான ஆணை. மெய்நிகர் கணினியில் ஓடும்போது ஒவ்வொரு முறையும் கட்டுப்பாடு அடித்தளத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். 16 பைட்டை நகலெடுப்பதைவிட அதைக் கேட்க எத்தனையோ மடங்கு நேரமாகும். ஒரே ஒருமுறை கேட்டு, பதிலை நிரந்தரமாக்க வேண்டும். சோலாரிஸ் இயங்குதளம் சி நிரலகத்தையே பல பதிப்புகளாக வைத்திருந்து, கணினிக்குப் பொருந்துவதை வழக்கமான கோப்பின்மேல் ஏற்றிவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் தொடங்கும்போது தன் ஆணைகளைத் தானே திருத்தி எழுதிக்கொள்கிறது. சாதாரண நிரல்களுக்கு லினக்ஸில் கிடைத்த வழி ஐஃபங்க். ஜிலிப்சி எனப்படும் சி நிரலகத்தில் 2009இல் அது வந்தது.

அது வேலை செய்யும் விதம் இது. ஒரு நிரல் தன்னிடம் இல்லாத செயற்கூறு ஒன்றை நிரலகத்திலிருந்து அழைக்கும்போது, அதன் முகவரியை ஓர் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த அட்டவணையை நிரப்புவது டைனமிக் லிங்கர். வழக்கமாக லிங்கர் பெயரைத் தேடி முகவரியை எழுதிவிடும். ஐஃபங்க் என்று குறிக்கப்பட்ட பெயராக இருந்தால் முகவரியை நேரே எழுதாது. அந்தப் பெயருக்கு உரிய சிறு தேர்வாளரை ஓடவிடும். தேர்வாளர் பிராசசரின் பட்டியலைப் பார்த்து, பொருத்தமான வடிவத்தின் முகவரியைத் திருப்பித் தரும். அதுவே அட்டவணையில் ஏறும். பிறகு கோடி முறை அழைத்தாலும் கேள்வி கிடையாது. நிரலகத்திலுள்ள செயற்கூறு எதை அழைத்தாலும் அந்த அட்டவணை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், தேர்வுக்கென்று தனிச் செலவும் கிட்டத்தட்ட இல்லை.

இதுவரை பொறியியல் சுகமாகப் போகிறது. இனிமேல்தான் கடினமான பகுதி. என்னிடம் இந்த ஆணை இருக்கிறது என்று பிராசசர் சொல்லும். அதை நன்றாகச் செய்வேனா என்று சொல்லாது. பதினாறு பிட்டில் முதல் 1 எங்கே என்று கண்டுபிடிக்கும் ஆணையை மேலே பார்த்தோம். பிஎஸ்எஃப் என்பது அதன் பெயர். இன்டெலின் முதல் தலைமுறை ஆட்டம் பிராசசரிலும் அது உண்டு. ஆனால் அங்கே அது மிகவும் மெதுவானது. சிபியுஐடியில் "இருக்கிறது, ஆனால் பயன்படுத்தாதே" என்று எழுத இடமில்லை. ஜிலிப்சியை எழுதியவர்கள் ஆட்டத்தின் மாதிரி எண்களைத் தேடிப் பிடித்து, "பிஎஸ்எஃப் மெது" என்று தாங்களே ஒரு குறிப்பை நிரலகத்துக்குள் எழுதி வைத்தார்கள். அப்படிப்பட்ட குறிப்புகள் அங்கே நிறைய. வரிசை தவறிய முகவரியிலிருந்து வேகமாகப் படிக்குமா, பின்னாலிருந்து முன்னால் நகலெடுத்தால் வேகமா, ஏவிஎக்ஸ்-512ஐத் தவிர்ப்பது நல்லதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். பிராசசர் கொடுத்த பட்டியலுக்குப் பக்கத்தில், மனிதர்கள் அளந்து எழுதிய இன்னொரு பட்டியல். தேர்வாளர் இரண்டையும் படித்துத்தான் முடிவெடுக்கிறது.

அகலமான பதிவகத்துக்கும் விலை உண்டு. சில சர்வர் பிராசசர்களில் ஏவிஎக்ஸ்-512ஐ மும்முரமாகப் பயன்படுத்தினால் பிராசசர் தன் கடிகார வேகத்தைக் குறைத்துக்கொண்டது. நகல் வேகமாகி மற்றதெல்லாம் மெதுவானது. ஏவிஎக்ஸ்2 வடிவம் வேலை முடிந்ததும் பதிவகங்களின் மேற்பாதியைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் வரும் பழைய ஆணைகள் தடுமாறும். துடைக்கும் அந்த ஆணையோ, இன்டெலின் பரிவர்த்தனை நினைவக வசதியில் நடந்துகொண்டிருக்கும் வேலையைக் கலைத்துவிடும். அதற்காகவே துடைக்கத் தேவையில்லாத புதிய பதிவகங்களை மட்டும் தொடும் வடிவம் ஒன்று எழுதப்பட்டது. சரத்தை நகலெடுக்கும் ஒரு செயற்கூறுக்கு இத்தனை உடன்பிறப்புகள் இருப்பது இதனால்தான்.

இவற்றிலெல்லாம் நீண்ட கதை ரெப் மூவ்எஸ்பி என்ற ஆணையுடையது. இத்தனை பைட்டை இங்கிருந்து அங்கே நகர்த்து என்று ஒற்றை ஆணையில் சொல்லிவிடலாம். 1978இல் 8086 பிராசசரிலேயே அது இருந்தது. பிறகு பிராசசர்கள் வளர்ந்தபோது எளிய ஆணைகள் வேகமெடுத்தன, இது பின்தங்கியது. கைதேர்ந்த நிரலாளர்கள் அதைத் தொடாமல் விட்டார்கள். 2012இல் ஐவி பிரிட்ஜில் இன்டெல் அதைச் செப்பனிட்டு, "இப்போது இது வேகம்" என்று சிபியுஐடியில் ஒரு பிட்டும் சேர்த்தது. பிட் உண்மைதான், ஆனால் தொடங்குவதற்கே சில பத்துச் சுழற்சிகள் ஆகும். சில ஆயிரம் பைட்டுக்கு மேல் என்றால் லாபம், "தமிழ்" போன்ற சிறு சரத்துக்கு நஷ்டம். ஐஸ் லேக்கில், சிறியவற்றுக்கும் வேகம் என்று இன்னொரு பிட் வந்தது. ஏஎம்டியும் ஜென் 3இல் அந்த இரண்டையும் அறிவித்தது.

2023இல் ஒருவர் கவனித்தார்: 64 மெகாபைட் கோப்பு ஒன்றைப் படிக்க, வேகத்துக்குப் பெயர்போன ரஸ்ட் மொழி நிரல் பைதானைவிட மெதுவாக இருந்தது. ரஸ்ட் மீது சந்தேகம் வந்தது. பிறகு நினைவக ஒதுக்கீட்டின் மீது. இறுதியில் விசாரணை ஏஎம்டி பிராசசரில் போய் நின்றது. வேகம் என்ற பிட்டை நம்பி லினக்ஸ் கெர்னல் ரெப் மூவ்எஸ்பியைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஜென் 3இல் அந்த ஆணை, சேருமிடம் நினைவகப் பக்கத்தின் தொடக்கத்தை ஒட்டியிருந்தால் படுமோசமாகத் தடுமாறும். ரஸ்டின் இடம் பக்கத் தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி. பைதானோ தன் பொருளின் தலைப்புக்காக 32 பைட் விட்டு எழுதியதால் தப்பித்தது. நீந்தத் தெரியும் என்று சொன்னவர் எல்லா ஆற்றிலும் நீந்துவார் என்று எண்ணிவிட்டோம். 2024இல் ஜிலிப்சியில் ஜென் 3, ஜென் 4க்கான தேர்வு திருத்தப்பட்டது. மனிதர்கள் எழுதும் பட்டியல் இன்னும் கொஞ்சம் நீண்டது.

திறமையைக் கேட்காமல் பெயரை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதும் நடந்திருக்கிறது. இன்டெலின் கம்பைலர் உருவாக்கிய நிரல்கள் தயாரிப்பாளர் பெயர் இன்டெலா என்று பார்த்து, இல்லையென்றால் மெதுவான வடிவத்துக்குப் போயின. அதே ஆணைகள் ஏஎம்டி பிராசசரில் இருந்தாலும் போயின. டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் ஃபோக் இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்து ஆவணப்படுத்தினார். வியா நிறுவனத்தின் நேனோ பிராசசரில் பெயரை மாற்றிக்கொள்ள முடியும். 2008இல் அதை "இன்டெல்" என்று மாற்றியதும் ஒரு பிரபல வேகச் சோதனையின் நினைவக மதிப்பெண் கணிசமாக ஏறியது. பிராசசர் அதேதான், பெயர் மட்டுமே வேறு. 2009 நவம்பரில் இன்டெலும் ஏஎம்டியும் பல வழக்குகளைச் சேர்த்து முடித்துக்கொண்டபோது இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்தது. மறு ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டில், தன் கம்பைலர் இப்படிப் பாகுபாடு காட்டக்கூடும் என்பதைப் பயனர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டியதாயிற்று. எந்த வடிவம் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் சில வரி நிரலுக்குச் சந்தையையே சாய்க்கும் அதிகாரம் இருக்கிறது. அதை எழுதுபவர் யாரென்று கேட்க நமக்கு உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஓடும் நேரத் தேர்வுக்கு இன்னொரு விளைவும் உண்டு: ஒரே நிரல் கணினிக்குக் கணினி வேறாக நடந்துகொள்ளலாம். 2010 இலையுதிர் காலத்தில் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வெளியீட்டை முன்கூட்டியே நிறுவியவர்கள் இணையத்தில் பாட்டுக் கேட்டபோது, அடோபி ஃபிளாஷின் ஒலி சிதைந்து வந்தது. புதிய ஜிலிப்சியில் மெம்காப்பி என்ற நகல் செயற்கூறு, சில பிராசசர்களில் பின்னாலிருந்து முன்னால் நகலெடுக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. மூலமும் சேருமிடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் மெம்காப்பியை அழைக்கக் கூடாது, மெம்மூவைத்தான் அழைக்க வேண்டும் என்பது சி மொழியின் விதி. ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. முன்னாலிருந்து நகலெடுத்த காலம்வரை அது வெளியே தெரியவில்லை. வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி படிதலைச் சுட்டிக்காட்டிவிட்டது. தவறு ஃபிளாஷுடையது என்பது ஒரு கட்சி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை: பயனருக்கு நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை, அவ்வளவுதான் என்றார். 2011இல் ஜிலிப்சி 2.14 ஒரு நடுவழி கண்டது. புதிதாக இணைக்கப்படும் நிரல்களுக்குப் புதிய மெம்காப்பி. பழைய நிரல்கள் அதே பெயரைக் கேட்டால் மெம்மூவ் கிடைக்கும். இருதரப்புக்கும் நியாயம் செய்த தீர்வு அது.

தேர்வாளர் ஓடும் நேரமும் முக்கியமானது. லிங்கர் அட்டவணையை நிரப்பி முடிப்பதற்கு முன்பே, அது எழுதக்கூடிய நிலையில் இருக்கும்போதே ஓடுகிறது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் பின்கதவு இந்த இடத்தில்தான் நுழைந்தது. அந்தச் சுருக்க நிரலகம் ஒரு சரிபார்ப்புக் கணக்குக்கு வேகமான வடிவத்தை ஐஃபங்க் வழியே தேர்ந்தெடுத்து வந்தது. பிராசசரைக் கேட்பதுபோல் தோன்றும் அழைப்புக்குள் தாக்குநர் தன் நிரலைப் பொதிந்துவைத்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதையும் வால்கிரைண்ட் முறையிடுவதையும் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார்.

இந்தத் தேர்வே வேண்டாம் என்று செய்யும் முயற்சி ஆர்ம் பிராசசர்களில் நடக்கிறது. அங்கே நிரல் பிராசசரை நேரடியாகக் கேட்பதில்லை. கெர்னல் தரும் திறன் பட்டியலைப் படிக்கிறது. ஆர்ம் 8.8 வடிவமைப்பு நினைவக நகலுக்கென்றே மூன்று ஆணைகளைச் சேர்த்தது: தொடக்கம், நடு, முடிவு. அளவு என்னவாக இருந்தாலும், முகவரி எப்படி அமைந்தாலும், எது வேகமான வழி என்று பார்த்துக்கொள்வது வன்பொருளின் பொறுப்பு. எல்லாக் கணினிகளிலும் அந்த ஆணைகள் இல்லை. ஆகவே ஜிலிப்சியில் மெம்காப்பிக்கு அந்த மூன்று ஆணைகளால் ஆன ஒரு வடிவம் சேர்ந்திருக்கிறது. அது மற்ற வடிவங்களோடு வரிசையில் நின்று, ஐஃபங்க் தேர்வாளர் தன்னைத் தேர்ந்தெடுத்தால் ஓடுகிறது.